தரையக்கா துரத்திய பலூன்

பலூன் என்றதும் எல்லோருக்கும் ஏறுவதுதான் ஞாபகத்துக்கு வரும். தரையக்காவுக்கு மட்டும் இறங்குவது. "சூடான காத்து மேல போகும், அதுல என்ன பெரிய சாமர்த்தியம்? அடுப்புப் புகைகூடத்தான் மேல போகுது, யாராவது கை தட்றாங்களா?" என்று கேட்பாள். கூடை தரையைத் தொட்டு, ஒரு குலுங்கு குலுங்கி நின்று, துணி மெல்லச் சரிந்து, உள்ளே இருந்தவர்கள் அவரவர் காலால் நடந்து வெளியே வரவேண்டும். அப்போதுதான் அவளுக்கு மூச்சு சீராகும். அதுவரைக்கும் யார் பேச்சுக் கொடுத்தாலும் வள்ளென்று விழுவாள்.

திங்கள் முதல் வெள்ளி வரை அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பின்னால் பிள்ளைகள் என்ன கூச்சல் போட்டாலும் கண் சாலையை விட்டு நகராது. போன் வந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், அதே கை பலூன் சங்கத்தின் வெள்ளை வேனைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் ஒரு டிரெய்லர். பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது பாருங்கள், காற்று இழுத்த இழுப்புக்குத்தான் போகும். எங்கே இறங்கப்போகிறோம் என்று ஏறுகிறவருக்கே நிச்சயமில்லை. ஆகவே ஒருத்தர் கீழேயே துரத்திக்கொண்டு போய், ஆளையும் கூடையையும் துணியையும் வாரிப் போட்டுக்கொண்டு வரவேண்டும். அந்த ஒருத்தர் இவள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கூடைக்குள் கால் வைத்ததில்லை. கூப்பிடாமல் இல்லை. "நான் மேல வந்துட்டா கீழ யாரு இருப்பா?" என்று ஒரே பதில். அதனாலேயே 'தரையக்கா' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பேர் பள்ளிக்கூடச் சம்பள ரசீதில் மட்டும்தான் இருக்கிறது.

சங்கம் ஆரம்பித்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு பல் டாக்டர் வெளியூர்க் கண்காட்சி ஒன்றில் பலூன் பறப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர்களிடமெல்லாம் அதே பேச்சு. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் எப்படி மறுப்புச் சொல்வார்கள்? அப்படி மாட்டிக்கொண்டவர்கள்தான் முதல் உறுப்பினர்கள். கூடாரம் தைக்கிற ஓர் அம்மா, தீயணைப்பு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், ஒரு புவியியல் வாத்தியார், கடைவாய்ப் பல்லுக்காகப் போன ஒரு வெல்டர். அந்த வெல்டர்தான் தரையக்காவின் வீட்டுக்காரர். பல் வலி போயிற்று, பலூன் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

இறகுப்பந்துக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து அங்கேதான் துணியை விரித்தார்கள். கூடார அம்மா மெஷினை ஓட்ட, மற்றவர்கள் துணியைத் தள்ளிக்கொண்டே தரையில் தவழ்ந்தார்கள். கேஸை எரித்துக் காற்றைச் சூடாக்குகிற பர்னருக்கு வெல்டர் சட்டம் அடித்துக் கொடுத்தார். முதல் தடவை காற்றடைத்தபோது பலூன் பாதி எழுந்து, தூக்கம் கலையாத ஆள் மாதிரி மறுபடி படுத்துவிட்டது. அடுத்த தடவை வாய்ப்பக்கத் துணி கருகிப்போனது. அதற்கும் அடுத்த தடவை ஒருவழியாக மண்ணை விட்டுக் கிளம்பி, நேராகப் போய் ஒரு கோழிப்பண்ணைக் கூரைமேல் உட்கார்ந்தது. கோழிகள் மிரண்டு நாலா பக்கமும் சிதற, பண்ணைக்காரர் கம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கூடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கம் சொல்ல ஆரம்பித்ததில் அவருக்குக் கோபம் இன்னும் தலைக்கேறியது. பின்னாலேயே வேனில் போய்ச் சேர்ந்த தரையக்கா, "அண்ணே, தப்பு எங்க மேலதான். முதல்ல கோழிங்கள உள்ள விட்டுடலாம். அப்புறம் நிம்மதியா உக்காந்து எங்களத் திட்டுங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு கோழி பிடிக்கப் போனாள். கம்பு கீழே இறங்கியது.

அன்றைக்கு வந்ததுதான் சங்கத்தின் சட்டம். எங்கே இறங்கினாலும் துணியை மடிக்காதே, சிலிண்டரைக் கழற்றாதே, போட்டது போட்டபடி விட்டுவிட்டு முதலில் நிலத்துக்காரரைத் தேடிப் போ. கையில் ஒரு பெட்டி பிஸ்கெட் எடுத்துக்கொண்டு போ. பல் டாக்டர் இதற்கு ஒரு பழைய சரித்திரம் வைத்திருப்பார். இருநூறு வருஷத்துக்கும் முன்னால், காகிதம் செய்து விற்கிற குடும்பத்து அண்ணன் தம்பி இரண்டு பேர் முதன்முதலாகச் சூடான காற்றில் பலூன் விட்டார்கள். மனிதனை ஏற்றப் பயந்துகொண்டு ஓர் ஆட்டையும் ஒரு வாத்தையும் ஒரு சேவலையும் கூடையில் வைத்து அனுப்பினார்கள். மூன்றும் உயிரோடு இறங்கின. அதே வருஷம் வேறொருவர் விட்ட ஆளில்லாத பலூன் ஒரு கிராமத்தில் போய் விழ, ஜனங்கள் ஏதோ பிசாசு என்று நினைத்து ஆயுதங்களோடு பாய்ந்து அதைக் கந்தல் கந்தலாகக் கிழித்துவிட்டார்கள். இதை எத்தனை தடவை கேட்டாலும் தரையக்கா சொல்வது ஒன்றுதான்: "அன்னிக்கும் கீழ ஒரு ஆளு இல்லாமப் போச்சு, பாத்தீங்களா?"

முதல் பலூனுக்கு 'தடியன்' என்று பேர் வைத்தார்கள். துணி கொஞ்சம் மிஞ்சவே, இன்னும் அதே மாதிரி துணி வாங்கிச் சேர்த்து, அதே தாள் அச்சைச் சிறியதாக வெட்டி, கூடார அம்மா இன்னொன்று தைத்தாள். அது 'பொடியன்'. இரண்டுக்கும் கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள் பட்டை, தலையில் நீலம். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அப்பனும் பிள்ளையும் போலத் தெரியும். வானத்தில் தனித்தனியாகப் பார்த்தால்? தூரத்தில் போகிற தடியனும் கிட்டத்தில் போகிற பொடியனும் ஒரே அளவுதான். வானத்தில் பக்கத்தில் வைத்து அளக்க ஒரு மரம் உண்டா, வீடு உண்டா? வேறு வேறு நிறத்தில் தைத்திருக்கலாமே என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தரையக்காவுக்கு வானத்தில் இருக்கிறதிலேயே பிடிக்காதது கரண்ட் கம்பி. பலூன்காரர்கள் எல்லோருக்குமே அது எமன்தான். மேலேயிருந்து பார்க்கிறவனுக்குக் கீழே மண்ணோடு மண்ணாகக் கம்பி மறைந்துவிடும். கீழே நிற்கிறவளுக்கு வானத்தில் கோடு போட்ட மாதிரி தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் தடியனில் போன ஒரு காலை, அவருடைய ரேடியோ பாதி வழியில் செத்துப்போனது. ஒரு குன்று குறுக்கே வந்து பலூனையும் மறைத்தது. அந்தப் பக்கம் அவர் கடைசி நொடியில் கம்பியைப் பார்த்து, பர்னரை முழுக்கத் திறந்து, எப்படியோ அதைத் தாண்டி, தாண்டிய வேகத்தில் ஒரு கல் வரப்பில் மோதி இறங்கினார். உயிருக்கு ஒன்றுமில்லை, கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவள் வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேரும்வரை மனிதர் தனியாகக் கிடந்தார். இப்போது விந்தி விந்தி நடக்கிறார், பட்டறைக்குப் போகிறார், மழை வருவதற்கு முன்னால் கால் சொல்லிவிடுகிறது என்று பெருமை வேறு அடித்துக்கொள்கிறார். ஆனால் பலூன் மைதானத்துப் பக்கம் மட்டும் தலை வைத்துப் படுப்பதில்லை. அன்றிலிருந்து தரையக்கா ரேடியோ இரண்டாக வைத்துக்கொண்டாள். மேலே ஆள் இருக்கும்வரை பலூனை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று மனசுக்குள் ஓர் உறுதியும் எடுத்துக்கொண்டாள்.

இப்படியிருக்க, அவர்களுடைய ஒரே மகள் தானும் பலூன் ஓட்டப்போவதாகச் சொன்னால் எப்படி இருக்கும்?

மகள் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்க்கிறாள். இருபத்தைந்து வயது. அமைதியான பெண், ஆனால் அழுத்தக்காரி. அப்பா திட்டிப் பார்த்தார், அம்மா சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிறு தவறாமல் மைதானத்துக்குப் போய்ப் பல் டாக்டரிடம் பழகிக்கொண்டாள். உரிமம் வாங்க இனி ஒன்றுதான் பாக்கி: கூடையில் துணைக்கு யாரும் இல்லாமல், தன்னந்தனியாக ஒருமுறை ஏறி இறங்கவேண்டும்.

அந்த ஞாயிறும் வந்தது. பல் டாக்டர், "நான் தடியன எடுத்துட்டுப் பின்னாலயே வர்றேன் அக்கா. மேலேர்ந்தே பாத்துக்கறேன்" என்று தைரியம் சொன்னார். தடியனைத் துரத்த ஜீப்பில் அவருடைய மச்சான். மச்சான் என்றால் டாக்டருக்கு மட்டுமில்லை, சங்கத்துக்கே மச்சான்தான். சைக்கிள் கடை வைத்திருக்கிறான். நல்லவன், சோம்பேறி. வரைபடம் பார்ப்பதைவிட முன்னால் போகிற வண்டியைப் பார்த்து ஓட்டுவது அவனுக்குச் சௌகரியம்.

கிளம்புவதற்கு முன்னால் காற்றைச் சோதிக்க ஒரு சின்ன கேஸ் பலூனை விட்டார்கள். அது வலது பக்கமாகச் சாய்ந்து போய், நன்றாக மேலே ஏறினதும் இடது பக்கம் திரும்பியது. மகள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "அம்மா, மேல வேற காத்து இருக்கு. நான் உயரப் போயி ஏரிப் பக்கம் திரும்பிக்கறேன். அங்க கம்பியே கிடையாது" என்றாள்.

"சரி சரி" என்றாள் தரையக்கா. அவள் அப்போது சிலிண்டர் வால்வை இன்னொரு தடவை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

மகள் தன் போனை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கூடைக்குள் ஏறினாள். பர்னர் உறுமியது. பொடியன் மண்ணை விட்டது. ஒரு குலுக்கல்கூட இல்லாமல், மாடிப்படி ஏறுகிற மாதிரி சாதாரணமாகப் போயிற்று. பெற்ற பெண்ணின் முகம் சின்னதாகிச் சின்னதாகி ஒரு புள்ளியானதும், தரையக்கா டிரெய்லரைப் பூட்டிவிட்டு வண்டியில் பாய்ந்து ஏறினாள். சற்றுப் பொறுத்துத் தடியனும் கிளம்பியது.

ஊர் எல்லையில் ரயில்வே கேட். அவள் போன நேரத்துக்குத்தானா மூடவேண்டும்? சரக்கு ரயில் வேறு. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, முடிகிற பாடாக இல்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் வரிசையாக மரங்கள், வானமே தெரியவில்லை. ரயிலை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். கேட் திறந்து, மரங்களைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்ததும் பார்த்தால், வலது பக்க வானத்தில், அந்தப் பக்கம் பிரிகிற சாலைக்கு நேரே, கீழே சிவப்பும் நடுவில் மஞ்சளும் தலையில் நீலமுமாக ஒரே ஒரு பலூன். பொடியன் அளவுதான். போன உயிர் திரும்பி வந்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி ரேடியோவை எடுத்தாள்.

"பாப்பா, கேக்குதா?"

"கேக்குதும்மா."

"உன்னப் பாத்துட்டேன். உனக்கு நேர் கீழதான் வர்றேன். பயப்படாமப் போ."

கொஞ்சம் தாமதித்து, "சரிம்மா" என்று பதில் வந்தது.

வலது பக்கம் திரும்பி ஓட்டினாள். பின்னால் கண்ணாடியில் மச்சானின் ஜீப் தெரிந்தது. 'இவன் ஏன் டாக்டர விட்டுட்டு என் வாலைப் பிடிச்சிட்டு வர்றான்?' என்று எரிச்சல் வந்தது. இரண்டு கிராமம் தாண்டியாயிற்று. எவ்வளவு ஓட்டியும் பலூன் நெருங்கி வருகிற வழியாக இல்லை. மேலே காற்று வேகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வளைவில் திரும்பினால், அவள் பயந்தது அப்படியே எதிரில். உயரமான கோபுரங்கள், அவற்றுக்கு நடுவே வானத்தில் இழுத்துக் கட்டிய கம்பிகள். பலூன் தாழப் பறந்து அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதும் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் ரேடியோவைத் தொட்டாள்.

"பாப்பா, உனக்கு முன்னாடி கரண்ட் கம்பி. பெரிய லைன். ஏத்து, இப்பவே மேல ஏத்து."

ஒரு நொடி அமைதி. "சரிம்மா."

பலூனின் வாயில் நெருப்பு பளிச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் அது கம்பிக்கு மேலே, மேலே, நன்றாக மேலே ஏறித் தாண்டிப் போனது. தரையக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். பயம் விட்ட அழுகை. அதோடு ஒரு பூரிப்பு. பிறந்ததிலிருந்து ஒரு பேச்சுக் கேட்டதில்லை இந்தப் பெண், இன்றைக்குப் பார், சொன்னதும் செய்கிறாள். வானத்துக்குப் போனால்தான் புத்தி வரும் போலிருக்கிறது.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. "போதும் பாப்பா, ரொம்ப ஏறாத." "சரிம்மா." பலூன் நிதானித்தது. "அந்தப் புகைபோக்கிக்கு இந்தப் பக்கமாவே வா." "சரிம்மா." புகைபோக்கிக்கு இந்தப் பக்கமாகவே வந்தது. "அதோ அறுவடை முடிஞ்ச நிலம் தெரியுது பாரு, அங்க எறக்கு. முட்டிய மடக்கி நில்லு. காத்த எறக்கற கயித்த அவசரப்பட்டு இழுக்காத." "சரிம்மா, சரிம்மா." கடைசி சரிம்மாவில் ஏதோ சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் இருக்கிறாள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பலூன் அறுவடை நிலத்தில் இறங்கியது. மண் பாதையில் வண்டியைத் தட்டுத்தடுமாறி ஓட்டிக்கொண்டு போய், கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினாள். கிட்டப் போகப் போக அந்தப் பலூன் பெரியதாகிக்கொண்டே போனது. பொடியன் இவ்வளவு பெரியதா? கூடையும் பெரியதாக இருந்தது. அதற்குள்ளிருந்து முதலில் ஒரு வழுக்கைத் தலை எழுந்தது.

"நல்லா இருந்துதா அக்கா எறக்கம்?" என்றார் பல் டாக்டர்.

தரையக்கா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "நீங்க எங்க இதுல? பாப்பா எங்க?"

"அவ மேல ஏறி ஏரிப் பக்கம் திரும்பிட்டாளே. என்னாலதான் அந்த மேல்காத்தப் பிடிக்க முடியல. அப்பவே சொன்னாளே உங்ககிட்ட."

"அப்ப நான் கம்பி கம்பின்னு கத்தினது?"

"எனக்குத்தான் உதவிச்சு. எல்லா ரேடியோவும் ஒரே அலைவரிசைதானே. சத்தியமா நான் அந்தக் கம்பியப் பாக்கல அக்கா. இந்த வயசுல என்ன ஏன் பாப்பான்னு கூப்பிடறாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். யாரக் கூப்பிட்டா என்ன, கம்பி கம்பிதானேன்னு ஏத்திட்டேன்."

அதற்குள் மச்சானும் ஜீப்பில் வந்து சேர்ந்து, "வழி காட்டிட்டுப் போனதுக்கு ரொம்ப தேங்ஸ் அக்கா" என்றான். அவனை அவள் பார்த்த பார்வையில் மறுபடி ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவள் ரேடியோவை எடுத்தாள். "பாப்பா." பதில் இல்லை. "பாப்பா, எங்க இருக்க?" வெறும் இரைச்சல். போனில் கூப்பிட்டாள். வேனுக்குள்ளிருந்து மகளின் போன் மணியடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் அவள் உடைந்துபோனாள். குன்றுக்கு அந்தப் பக்கம் கல் வரப்போரத்தில் தனியாகக் கிடந்த மனிதர் கண்ணுக்குள் வந்து நின்றார். இத்தனை ரேடியோ வைத்துக்கொண்டும், இத்தனை உறுதி எடுத்துக்கொண்டும், பெற்ற பெண்ணை விட்டுவிட்டு ஒரு பல் டாக்டரைத் துரத்திக்கொண்டு வந்திருக்கிறாளே. ஆற அமர வழிநெடுக உபதேசம் வேறு செய்துகொண்டு வந்திருக்கிறாளே.

"அக்கா, அவ நல்லா ஓட்றவ" என்றார் டாக்டர். அவர் குரலிலும் முன்பிருந்த தைரியம் இல்லை.

வேனைத் திருப்பினாள். டாக்டர் தடியனையும் நிலத்துக்காரரையும் மச்சான் பொறுப்பில் விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அன்றைக்கு அவள் ஓட்டின ஓட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் யாராவது பார்த்திருந்தால் மறுநாளே வேலை போயிருக்கும். ரயில்வே கேட் வரைக்கும் திரும்பி வந்து, எதிர்ப்பக்கம் போகிற ஏரிக்கரைச் சாலையைப் பிடித்தபோதுதான் ரேடியோ கரகரத்தது.

"அம்மா? கூப்ட்டியா? எறங்கியாச்சும்மா. ஏரி தாண்டி மாட்டுப் பண்ணை இருக்கு பாரு, அதோட மேய்ச்சல் நிலத்துல இருக்கேன். ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா வா."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. டாக்டர் சாய்ந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். அவள் வேனை ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

போய்ச் சேர்ந்தபோது புல்வெளியில் பொடியன் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கிழிசல் இல்லை, கருகல் இல்லை. கூடை நேராக நின்றது. மகள் பண்ணைக்காரம்மாவோடு வேலி ஓரத்தில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பண்ணைக்காரம்மா பிஸ்கெட் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "உங்க பொண்ணாம்மா? எறங்கின கையோட நேரா வீட்டுக்கு வந்து, மாடுங்க மிரண்டுச்சான்னுதான் முதல்ல கேட்டுச்சு. நல்லா வளத்திருக்கீங்க" என்றாள்.

தரையக்கா மகளை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். கை, கால், தலை, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. அப்புறம் முதுகில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

"ரேடியோவ எங்கடி வெச்ச?"

"கூடையிலதான். போட்டது போட்டபடி விட்டுட்டு நிலத்துக்காரங்களத் தேடிப் போன்னு நீதானே சொல்லிக் குடுத்த?"

தரையக்கா வேறு பக்கமாகப் பாய்ந்தாள். "நான் வேற பலூனுக்குப் பின்னாடி போறேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நேர் கீழதான் வர்றேன்னியே, அப்பவே. என் கீழ ஏரிதான் இருந்துச்சு."

டாக்டர் சிரித்துவிட்டு, அவள் முறைத்ததும் துணியை மடிக்கப் போனார்.

"அப்புறம் ஏன்டி சரிம்மா சரிம்மான்ன?"

"கடைசி ரெண்டு மூணு சரிம்மாவ எறங்கினப்புறம் கூடைக்குள்ள உக்காந்துட்டுச் சொன்னேன்" என்று மகள் சிரித்தாள். அம்மா சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "வேற என்னம்மா செய்ய? நீ தப்பான பலூனத் துரத்துறன்னு சொன்னா, வண்டிய எப்படித் திருப்புவ, எப்படி ஓட்டுவன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு மேல ஒரு பிரச்னையும் இல்ல. உன்ன நெனச்சாத்தான் பயமா இருந்துச்சு. உயரத்துலேர்ந்து எல்லாம் தெரியும்மா. நீ கேட்ல நின்னது தெரிஞ்சுது. வலது பக்கம் திரும்பினது தெரிஞ்சுது. ஒவ்வொரு தடவ பேசறதுக்கு முன்னாடியும் வண்டிய ஓரமா நிறுத்தினியே, அதையும் பாத்தேன். வெள்ளையா ஒரு தீப்பெட்டி நிக்கும், உடனே ரேடியோல உன் குரல் வரும். சரி, அம்மா பத்திரமா இருக்கான்னு நானும் பர்னரப் பாத்துக்கிட்டேன்."

தரையக்கா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருத்தமா, பெருமையா, நிம்மதியா என்று கேட்டால் எல்லாம்தான், நிம்மதிதான் கூட. இத்தனை வருஷமாக அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, மேலேயிருந்து தன்னையும் ஒருத்தி பார்க்கமுடியும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

இடுப்பில் போன் அடித்தது. வீட்டுக்காரர். மைதானத்துக்குத்தான் வரமாட்டாரே தவிர, காலையிலிருந்து பட்டறையைத் திறக்காமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்.

"எறங்கிட்டாளா?"

"எறங்கிட்டாங்க. நல்லபடியா எறங்கிட்டா. ஒரு கீறல் இல்ல."

"நீ பக்கத்துலயே இருந்தியா? கண்ணெடுக்காமப் பாத்துட்டு இருந்தியா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மகள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாக்கலங்க" என்றாள் தரையக்கா. "அவதான் என்னப் பாத்துக்கிட்டா."

அந்தப் பக்கம் மனிதர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்ப சரி" என்றார். "ரெண்டு பேரும் சாப்பிட வாங்க."